வலது கோடி ஆணி

கம்பிக் கூண்டுக்குள் முகம் போய்விடுகிறது.
எதிரே நிற்பது யாரென்று அறிய
இடுப்புக்குக் கீழே பார்க்கவேண்டும்.
கருநீலத் துணிப்பையில் வெள்ளை ரெக்சின் எழுத்து:
மேலே குறுக்காக ஊர்,
கீழே நெடுக்காக ஆள்.

கோத்தகிரி. மூடிய தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடி.
இலை வாட்டிய பலகைத் தரையில்
செவ்வாயும் சனியும் ஒன்பது பேர்
மூங்கில் வாளோடு வெறுங்காலில் கத்துகிறோம்.
குடோன் காவலர் முதல் வாரம் போலீசுக்குப் போன் செய்தார்.
இப்போது ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்.

பெங்களூர்ப் போட்டிக்கான படிவம் கேட்டது
குடும்பப் பெயர்.
இடுப்பில் அது மட்டும்தான் வருமாம்.
போஜன் தன் ஹட்டியின் பெயரை எழுதினான்.
வர்கீஸ் எழுதிய வீட்டுப் பெயர்
நெடுக்காகத் தைத்தால் முழங்காலைத் தாண்டும்.
எனக்கு இருப்பது ஒரு மா, ஒரு புள்ளி.
மாசிலாமணி.
இருபது வருடமாகக் கடிதம் போடாத மனிதர்.
தபால் பிரிப்பது என் வேலை,
வந்திருந்தால் என் கையில்தான் வந்திருக்கும்.

நெடுக்காக எழுதினால்
இனிஷியல் தலையில் ஏறி உட்காரும்.
வேண்டாம் என்றேன்.
கு
ழ
லி
மூன்று மாடி.
மொட்டை மாடியில் யாரும் இல்லை.

ஜப்பான் எழுத்தில் போடலாமே என்றான் வர்கீஸ்.
அதில் ழ கிடையாது, ல-வும் கிடையாது.
குரரி என்று வந்தது.
சொல்லிப் பார்த்தேன்,
தொண்டையில் மீன்முள்.

மார்க்கெட் டெய்லர் ஹபீபுல்லா
எழுத்துக்கு இருபது ரூபாய் என்றார்,
ழ-வுக்கு மட்டும் முப்பது.
"வளைச்சுக் கொண்டுபோய் உள்ளே ஓட்டை விடணும்மா,
கத்தரி நுழையாது."
பிளேடால் வெட்டினார்.
உள்ளிருந்து விழுந்த வெள்ளைத் துணுக்கு
மெஷின்மேல் கொஞ்ச நேரம் கிடந்தது, ஊதித் தள்ளினார்.

பெங்களூரில் எதிரே நின்றவள்
வணங்கிக் குனிந்தபோது வாசித்தாள்: "குளலி?"
ழ என்றேன் கூண்டுக்குள்ளிருந்து.
நாக்கு மடங்கித் திரும்புவதற்குள்
தலையில் விழுந்தது அடி.

சுவரில் வேறொரு வழக்கம்.
பழைய தேயிலைப் பெட்டிகளை அறுத்து
ஆளுக்கொரு பெயர்ப்பலகை, விரல் நீளம், ஆணியில்.
மூத்த தரம் வலது கோடி,
நேற்று வந்தவர் இடது கோடி.
வலமிருந்து படிக்கவேண்டும்.
நம் கண் அப்படிப் போகுமா?
கணக்கெடுக்க வந்த மின்வாரியக்காரர்
சுவரைப் பார்த்துவிட்டு நேராக
சேர்ந்து பதினோரு நாளான நிர்மலிடம்
"சார், மீட்டர் எங்கே?" என்றார்.
பத்தாம் வகுப்புப் பையன்.
அன்று முழுக்க அவன் முதுகு வளையவில்லை.
வரிசையை மாற்றி மாட்டலாமா என்று பேச்சு வந்தது.
வேண்டாம் என்று கை தூக்கியவர் அத்தனை பேரும்
இடது பக்கத்து ஆட்கள்.

வலது கோடியில் யோகராணி.
நாகானோவில் முதியோர் இல்லத்தில் நான்கு வருடம்
படுக்கைவிரிப்பு மாற்றியவள்
இந்த வாளையும் விதிகளையும் கொண்டுவந்தாள்.
மூன்று மாதம் வராதவர் பலகையைத்
திருப்பிப் போடவேண்டும்
என்பதும் அவள் எழுதியதுதான்.
அவள் சொல்லாமல் போய் ஐந்து மாதம்.
திருப்பூர் என்கிறார்கள். மறுபடி ஜப்பான் என்றும்.

சனிக்கிழமை நான் திருப்பினேன்.
பின்பக்கம் பெட்டியின் பழைய மை: 48.
மொத்த எடையா நிகர எடையா,
அந்தப் பாதி அறுபட்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமை
யாரோ மறுபடி பெயர்ப்பக்கம் போட்டிருந்தார்கள்.
திருப்பினேன்.
சனிக்கிழமை மீண்டும் பெயர்.
மூன்று வாரம் இப்படி. யாரும் யாரையும் கேட்கவில்லை.
எல்லோருக்கும் முகத்தில் கூண்டு.

இன்று மஞ்சு தரைவரை வந்துவிட்டது,
பலகைகள் ஊதிப்போயிருந்தன.
நான் திருப்பவில்லை.
அவள் ஆணிதான் தளர்ந்திருந்தது.
வாளை வேறு வேலைக்கு எடுக்கக்கூடாது
என்பதும் அவள் விதி.
வாளின் பிடியால்தான்
தட்டி இறுக்கினேன்.